பாதிச் சவரம்

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஒரு மனிதன் தன் முகத்தைச் சவரம் செய்துகொள்வதே பெரிய காரியம். சாலமோன் அதற்கு முன்னால் இன்னொருவர் முகத்தையும் செய்தாக வேண்டும். அந்த இன்னொருவர் அவனுடைய அப்பா ஆபிரகாம். வயது எழுபத்தாறு. செங்கல்பட்டு ஜங்ஷனில் முப்பத்தொன்பது வருஷம் தண்டவாளம் பார்த்த கேங்மேன். போன வருஷம் ஜூன் மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வாயின் வலது ஓரமும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து அவரால் ரேசர் பிடிக்க முடியவில்லை. முகத்தில் முடி முளைப்பது மட்டும் நின்றபாடில்லை.

முளைத்தால் முளைத்துவிட்டுப் போகட்டுமே, இந்த வயதில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் ஆபிரகாமை அறியாதவர்கள். அவர் நாலு மணிக்கே விழித்துக்கொள்வார். விழித்ததும் இடது கையைத் தூக்கிக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். விரலில் சொரசொரவென்று பட்டால் போச்சு. முகம் மழிக்கிற வரைக்கும் காபி கிடையாது, கஞ்சி கிடையாது, மாத்திரை கிடையாது. வாயை இறுக மூடிக்கொள்வார். பாதி விழுந்த வாய்க்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

அந்த மாத்திரையில்தான் சிக்கலே இருந்தது. அது ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. ஒரு வேளை தவறினால் மறுபடி வாதம் அடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தவறாமல் போட்டாலோ, ஊசிமுனை அளவு வெட்டுக்கு முக்கால் மணி நேரம் ரத்தம் வரும். "பாத்து ஷேவ் பண்ணுங்க" என்றும் அவரே சொன்னார். ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். டாக்டருக்கு என்ன, அவர் ஏழு மணிக்கு எழுந்திருப்பவர்.

சாலமோன் பார்த்துத்தான் செய்தான். வெந்நீரில் நனைத்த துண்டை அப்பாவின் முகத்தில் போட்டு வைப்பான். பிரஷ்ஷில் நுரை எழுப்பித் தடவுவான். பிளேடு மாட்டிய எஃகு ரேசரை எடுத்து, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கன்னத்திலிருந்து இறங்குவான். கன்னம் ஒரு வழியாகக் கீழ்ப்படியும். கழுத்துதான் பேஜாரு. தோல் தொளதொளவென்று தொங்கும், இழுத்தால் நழுவும். தாடைக்குக் கீழே முடி எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. மேலே இழுத்தால் எரிகிறது என்று முனகுவார், கீழே இழுத்தால் முடி அப்படியே நிற்கும். மறுநாள் அந்த இடமெல்லாம் சிவந்து, வேர்க்குருவாகப் பொரிந்திருக்கும். பொரிந்த இடத்தில் மறுபடி பிளேடு ஓடினால் வெட்டாமல் என்ன செய்யும்?

அன்று திங்கட்கிழமை. தாடைக்குக் கீழே வெட்டிவிட்டது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு சாலமோன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது அவன் காதில் விழுந்தது. மாதத்தில் மூன்றாவது முறை. பஞ்சை எடுத்துப் பார்த்தான். இன்னும் சிவப்பு.

மறைமலைநகரில் அவன் வேலை செய்வது கார் கதவுக்கு ரப்பர் பட்டி போடும் ஒரு கம்பெனியில். ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட். அன்று ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. சூப்பர்வைசர் ராமானுஜம் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"சாலமோன், நீ நல்ல ஆளு. ஆனா மூணு வாட்டி உன்னால லைன் நின்னுடுச்சி. ஒண்ணாந்தேதி காண்ட்ராக்ட் லிஸ்ட் போவுது. இன்னொரு வாட்டி பஸ்ஸ வுட்டன்னா, நான் உம்பேர எழுத மாட்டேன். சொல்லிட்டேன், அப்பால என்னக் கேக்காத."

இதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. அதுவே சாலமோனுக்கு அலுப்பாக இருந்தது. யார் மேலாவது கோபப்பட முடிந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

செய்து பார்க்காத வித்தையில்லை. அவன் மனைவி ரூத் தன் போனஸில் எலெக்ட்ரிக் டிரிம்மர் வாங்கி வந்தாள். ஆபிரகாம் அதை ஓடவிட்டுப் பிறகு தடவிப் பார்த்து, "இன்னும் கீது" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து நிதானமாகச் செய்து பார்த்தார்கள். விடிவதற்குள் முளைத்துவிட்டது. ரூத் செய்கிறேன் என்றாள். மருமகள் கை முகத்தில் படக்கூடாது என்று அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ரூத்துக்கும் ஒன்றும் நேரம் கொட்டிக் கிடக்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படுக்கை விரிப்புகள். வீட்டுக்கு வந்தால் மாமனாரின் தலையணை உறையில் ரத்தக்கறை. அதையும் அவள்தான் துவைக்க வேண்டும்.

"ந்தா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத," என்றாள் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது. "எங்க ரிசார்ட்டுக்கு சனிக்கெழம சனிக்கெழம ஒரு பையன் வரான். கெஸ்ட்டுங்களுக்கு ஷேவிங் பண்ண. கை அவ்ளோ சுத்தம். ஒரு வெட்டு இல்ல. நம்ம ஊருக்காரன்தான். மணி."

"எந்த மணி?"

"சலூன் மணி. ஊருக்குள்ள."

சாலமோன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அவர்கள் வசிக்கும் ஆலங்கண்டிகையில் 'ஊருக்குள்ள' என்றால் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். ஏரிக்கால்வாய்க்கு இந்தப் பக்கம் காலனி, சர்ச், ரேஷன் கடை. அந்தப் பக்கம் ஊர். நடுவில் சிமெண்ட் பாலம். அதைத் தாண்டினால் இருநூறு அடியில் சலூன். இப்போது யாரும் யாரையும் தடுப்பதில்லை. காலனிப் பையன்கள் பாலத்தைத் தாண்டிப் போய் டீ குடிக்கிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆனால் முடிவெட்டச் செங்கல்பட்டுக்குப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் அங்கே ஏசி இருக்கிறது என்பார்கள். சாலமோனும் இந்த நாற்பத்தேழு வயதிலும் செங்கல்பட்டில்தான் வெட்டிக்கொள்கிறான். அவனுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது.

"நைனா ஒத்துக்குவாரா?" என்றான்.

"அவர இன்னா பண்ணாங்க?"

"சவரம் பண்ண மாட்டன்னுட்டாங்களாம், அந்தக் காலத்துல. ரயில்வே வேலைக்கி மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போற அன்னிக்கி. செங்கல்பட்டு வரிக்கும் நடந்து போயி, பஜார்ல ரேசர் வாங்கி, ஸ்டேஷன் கொழாயில தானே பண்ணிக்கினாராம். மூஞ்சியெல்லாம் வெட்டு. அன்னிலேருந்து ஒரு நாள் வுட்டது இல்ல."

ஒரு நாள் விட்டதில்லை என்பது சத்தியம். தண்டவாளத்தில் அடிபட்டவனை வாரி எடுத்த நாளிலும், சாலமோனின் அம்மாவை அடக்கம் செய்த நாளிலும் ஆபிரகாம் மழமழவென்றுதான் நின்றார். அம்மா இறந்த அன்று அவர் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்வதைப் பார்த்து, இந்த மனுஷனுக்கு இதயம் இருக்கிறதா என்று சாலமோன் கோபப்பட்டதும் உண்டு.

"அது அம்பத்தஞ்சி வருசம் ஆச்சி," என்றாள் ரூத். "நீ வேல இல்லாம நின்னா எவன் வந்து சோறு போடுவான்? கூப்டு."

கூப்பிட்டான். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை என்பதால் மணி சாயங்காலமே வந்துவிட்டான். இருபத்தெட்டு வயதுக்காரன். காதில் சின்ன வளையம், கையில் பெட்டி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "தாத்தா, எப்டி கீறீங்க?" என்று கட்டிலருகே வந்து நின்றான்.

ஆபிரகாம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வார்த்தை குழறும். ஆனால் நிதானமாகப் பேசினால் புரியும்.

"நீ யாரு புள்ள?"

"சலூன் சுப்பிரமணி பேரன், தாத்தா."

அவ்வளவுதான். ஆபிரகாம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சாலமோன் கெஞ்சினான், ரூத் கெஞ்சினாள். சுவரோடு பேசியது போலத்தான்.

மணிக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. "அண்ணாத்த, நீயே பண்ணு. எப்டின்னு சொல்லித் தரேன், உன் மூஞ்சியக் காட்டு" என்று சாலமோனை நாற்காலியில் உட்கார வைத்தான். அவன் தாடையின் கீழே விரலை வைத்து மெல்ல ஓட்டினான்.

"இங்க பாரு. முடி எல்லாம் கீழ் நோக்கிப் போவுது. இந்த எடத்துல மட்டும் சுத்திகினு காது பக்கம் திரும்புது. தாத்தாவுக்கும் அப்டித்தான் இருக்கும், உங்க ரத்தம்தான? மொதல்ல வெரலால தடவு. எந்தப் பக்கம் தடவுனா வழுக்குதோ அந்தப் பக்கம்தான் ரேசர் போவணும். எதிர்ப் பக்கம் போவவே கூடாது, கழுத்துல."

"வழிச்ச மாதிரியே இருக்காதே. அவுரு தடவிப் பாப்பாரு."

"கன்னத்துல ரெண்டாவது தபா நுரை போட்டு இன்னொரு வாட்டி இழு. கழுத்துல வாணாம். நுரை இல்லாத எடத்துல பிளேடு படக்கூடாது. ஒரு பிளேடு எத்தினி நாள் ஓட்டற?"

"பத்து, பன்னெண்டு நாளு."

"நாசமாப் போச்சி. மூணு தபாதான். அப்பால தூக்கிப் போட்டுடு." பிறகு சாலமோனின் கையில் ரேசரைக் கொடுத்து, தன் முன்கையில் இழுத்துக் காட்டச் சொன்னான். இரண்டு இழுப்பு பார்த்துவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். "அழுத்தற அண்ணாத்த. ரேசரோட வெய்ட்டே போதும், சும்மா புடிச்சிகினு வா. உன் கை தூங்குது. தூங்கற கை அழுத்தும்."

இவ்வளவு நாளில் அவன் தூக்கத்தைப் பற்றி வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் இவன்தான். சாலமோனுக்கு அந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

புதுப் பிளேடு, விரலால் தடவிப் பார்ப்பது, அழுத்தாத கை. எட்டு நாள் நன்றாகத்தான் போனது. கழுத்துப் பொரிச்சல் அடங்கியது. ஆபிரகாம் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தார். சாலமோன் ஐந்தே கால் பஸ்ஸில் ஏறி, ஜன்னலில் தலை சாய்த்து, மறைமலைநகர் வரை பிணம் போலத் தூங்கினான்.

ஒன்பதாவது நாள் வியாழக்கிழமை. முந்தின நாள் வேலைக்கு வராதவனுக்காக இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் படுத்திருந்தான். நாலரைக்கு எழுந்தது உடம்புதான், அவன் இல்லை. இடது கன்னம் முடிந்தது. கழுத்தின் இடது பக்கம் இறங்கும்போது ஒரு நொடி கண் சொருகியது. கை அழுத்திவிட்டது. தாடைக்குக் கீழே நுரையில் ரத்தம் கிடுகிடுவென்று பரவியது.

மணி ஐந்து பத்து. பஞ்சை வைத்து அழுத்தினான். ஒன்றாந்தேதிக்கு நாலு நாள் இருந்தது. ரத்தம் பஞ்சைத் தாண்டி விரலில் ஒட்டியது. தூரத்தில் ஹாரன் கேட்டது. அப்போது அவனுக்குள் இருந்து எது பேசியது என்று அவனுக்கே தெரியாது.

"எதுக்கு நைனா உனக்கு இந்த சவரம்? ஆரு உன்ன வந்து பாக்கப் போறா? என்னக் கொல்லணும்னே பொறந்தியா நீ?"

பஞ்சை ரூத்தின் கையில் திணித்துவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். பஸ் நகர்ந்துவிட்டிருந்தது. பக்கவாட்டில் அடித்து நிறுத்தி ஏறினான். ஏறிய பிறகுதான் அவன் கையில் காய்ந்த நுரை இருப்பதைப் பார்த்தான். அன்று பஸ்ஸில் தூக்கம் வரவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டு சரோஜாக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாப்பா உங்க நைனா, தண்ணிகூட வாணான்றாரு. ரூத்து அழுதுகினே வேலைக்கிப் போச்சி. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

ஆபிரகாம் கட்டிலில் சாய்ந்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சாலமோன் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். பஞ்சு கழுத்தோடு காய்ந்து ஒட்டியிருந்தது. இடது கன்னம் மழமழவென்று இருந்தது. வலது கன்னத்தில் வெள்ளை முள்முடி, அதன் மேல் உலர்ந்து உதிர்ந்த நுரை. விடியற்காலையிலிருந்து, பத்து மணி நேரம், பாதி முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். காலை மாத்திரை கிண்ணத்தில் கிடந்தது.

சாலமோன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நைனா, தெரியாம சொல்லிட்டேன் நைனா. வாய்ல வந்துடுச்சி."

ஆபிரகாம் அவனைப் பார்த்தார். பிறகு நல்ல கையால் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அவனும்... பாதிலதான் வுட்டான்."

"ஆரு?"

"சுப்பிரமணி."

ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. சவரம் செய்ய மாட்டேன் என்று சுப்பிரமணி சொல்லவில்லையாம். அதுதான் விஷயமே. இருட்டு பிரியும் முன்பு வா, கடைக்குப் பின்னால் வைத்துச் செய்துவிடுகிறேன் என்று சொன்னானாம். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஏரியில் ஒன்றாக மீன் பிடித்தவர்கள். ஆபிரகாம் போய்க் கல்லின்மேல் உட்கார்ந்தார். நுரை போட்டாயிற்று. இடது கன்னம் முடிந்தது. அப்போது மிராசுதாரர் வீட்டு ஆள் வரப்பிலிருந்து ஏறி வந்து எட்டிப் பார்த்தான். சுப்பிரமணி துண்டை வெடுக்கென்று உருவிக்கொண்டு, "எந்திர்ரா, ஆரக் கேட்டு இங்க வந்து குந்தின?" என்று கத்தினான். காலால் கல்லை உதைத்தான்.

"பாதி மூஞ்சோட... நடந்தேன். பத்து மைலு. ரோட்டுல... எதுத்தாப்புல வந்த ஆளுங்கல்லாம்... சிரிச்சாங்கோ."

சாலமோன் வாயைப் பொத்திக்கொண்டான். நாற்பத்தேழு வருஷமாக அவன் கேட்டிருந்த கதையில் இந்தப் பாதி இல்லை. காலையில் தான் செய்துவிட்டு ஓடியது என்ன என்பது இப்போதுதான் அவன் நெஞ்சில் இறங்கியது. வெந்நீர் வைத்தான். பஞ்சை நனைத்து நனைத்துப் பிரித்தெடுத்தான். வலது கன்னத்தை விரலால் தடவி, நுரை போட்டு, அழுத்தாமல் மழித்தான். இடையில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்ததும் ஆபிரகாம் தடவிப் பார்த்து வாயைத் திறந்தார். மாத்திரையை விழுங்கிய பிறகு சொன்னார்.

"ஒரு தபா... அந்தக் கடைல குந்தணும்டா."

மறுநாள் சாயங்காலம் சாலமோன் பாலத்தைத் தாண்டிப் போனான். சலூனில் கூட்டமில்லை. மணியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். மணி கேட்டுக்கொண்டே சீப்பைத் துடைத்தான். துடைத்த சீப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"தாத்தா இத ஒரு நாளும் சொன்னதில்ல அண்ணாத்த. செத்து ஆறு வருசம் ஆச்சி. அந்தக் காலத்துல எங்களுக்கு ஊருதான நெல்லு அளக்கணும். அது நின்னுடும்னு பயந்திருப்பாரு."

"பயந்திருப்பாரு. எங்க நைனா நடந்தாரு."

மணி தலையை ஆட்டினான். "செவ்வாக்கெழம இட்டுகினு வா. கடை லீவு. ஷட்டர எறக்கிட்டு, நிதானமா, ஆரும் இல்லாம பண்ணிடலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னான். சாலமோனுக்கும் அதுவே சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆபிரகாம் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து சாலமோன் பார்த்ததில்லை. கோணலான, கசப்பான சிரிப்பு.

"ஆரும் இல்லாமத்தான்... ஒரு தபா குந்தினேனே. ஞாயித்துக்கெழம. கூட்டமா இருக்கறப்போ."

ஞாயிறு காலை ஏழரைக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். சர்ச்சுக்குப் போகும் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் போடச் சொல்லி உடுத்திக்கொண்டார். சனிக்கிழமையிலிருந்து சவரம் வேண்டாம் என்றுவிட்டார், ஆச்சரியமாக மாத்திரைக்கும் வாயைத் திறந்தார். சாலமோனும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சலூன் படியில் ஏற்றினார்கள். உள்ளே நாற்காலியில் ஒருவர், பெஞ்சில் மூன்று பேர். எல்லாரும் நிமிர்ந்தார்கள். டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தாத்தா, வாங்க. இவர முடிச்சதும் உங்களுக்குத்தான்," என்றான் மணி.

"இல்ல," என்றார் ஆபிரகாம். "வரிசைல."

பெஞ்சில் நடுவில் இருந்த இளைஞன் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான். ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெள்ளை மீசைக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, போன் வந்தது போல வெளியே போனார். போன் அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஆபிரகாம் அவர் போவதைப் பார்த்தார். பிறகு அவர் விட்டுப்போன பேப்பரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். சாலமோன்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பதும், பார்த்துவிட்டு இரண்டு எட்டு போய்த் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

முறை வந்தது. நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தார்கள். மணி புதுப் பிளேடைப் பிரித்து அவருக்குக் காட்டிவிட்டு மாட்டினான். வெந்நீர்த் துண்டு போட்டான். விரலால் முகம் முழுக்கத் தடவி முடி போகும் திசையைப் பார்த்தான். நுரை போட்டு, காதோரத்திலிருந்து இடது கன்னத்தில் இறங்கினான். ரேசர் போவதே தெரியவில்லை. பிளேடு நகரும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. இடது பக்கம் முடிந்தது. மணி ரேசரை வைத்துவிட்டு, நனைந்துபோன துண்டை அவர் கழுத்திலிருந்து உருவினான்.

ஆபிரகாமின் இடது கை பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிடியில் நாற்காலியே அசைந்தது. அவர் கண்கள் கண்ணாடியில் வாசலைப் பார்த்தன.

மணிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவர் காதருகே குனிந்தான். "துண்டு மாத்தறேன் தாத்தா. ஈரமா இருக்குது, அவ்ளோதான். எங்கயும் போவ மாட்டேன். இங்கதான் கீறேன்."

கையை விடுவித்துக்கொள்ளாமலே மற்றொரு கையால் புதுத் துண்டை எடுத்துச் சுற்றினான். பிடி தளர்கிற வரைக்கும் அப்படியே நின்றான். பெஞ்சில் இருந்த இளைஞன் டிவியை அணைத்தான். மணி வலது கன்னத்துக்கு வந்தான். உணர்ச்சியில்லாத அந்தத் தோலை இரண்டு விரலால் ஏந்தி, மெல்ல, அவசரமில்லாமல் முழுவதையும் மழித்தான். கழுத்தில் இறங்கினான். குளிர்ந்த தண்ணீரால் துடைத்துப் படிகாரம் தடவினான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பாருங்க தாத்தா."

ஆபிரகாம் கண்ணாடியைப் பார்த்தார். இடது கையால் இடது கன்னத்தைத் தடவினார். அதே கையைக் குறுக்கே கொண்டுபோய் வலது கன்னத்தைத் தடவினார். இரண்டு தரம் தடவினார்.

"போதும்," என்றார்.

"பவுடரு போடச் சொல்லவா நைனா?" என்றான் சாலமோன்.

"வாணாம். இனிமே... இது வாணாம். வளரட்டும்."

"எது நைனா?"

"தாடிதான். வளரட்டும்." கண்ணாடியில் மகனின் முகத்தைத் தேடிப் பிடித்தார். "நாளைலேருந்து... நீ தூங்குடா."

சாலமோனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காலையில் ஒரு மணி நேரத் தூக்கம், ஐந்தே கால் பஸ், லிஸ்ட்டில் பெயர். ஒரு வருஷமாக அவன் கெஞ்சியும் கத்தியும் கிடைக்காதது எல்லாம் ஒரே வார்த்தையில் கிடைத்துவிட்டது. பிறகுதான் அந்த வார்த்தையின் மற்றப் பாதி உறைத்தது. இந்த இருநூறு அடியை அப்பா தாண்டி வர ஐம்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. பிளேடையும் நுரையையும் தோலையும் பார்த்த தான் ஒரு நாள்கூட, ஏன் நைனா என்று உட்கார்ந்து கேட்டதில்லை.

மணி அடுத்தவரைக் கூப்பிட்டான். சாலமோன் குனிந்து அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அவன் கண்ணீர் அவர் கன்னத்தில் விழுந்து, எங்கும் தடுக்காமல் கீழே இறங்கியது. ஆபிரகாம் அதைத் துடைக்கவில்லை.